ஆம் எனக் கூறவும்

“யாழ்ப்பாணக் குடாநாட்டின் சகல மக்களுக்கும் இத்தால் பெருமகிழ்வுடன் அறியத்தருவதாவது: எதிர்வரும் வியாழக்கிழமை காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடச் சுபவேளையின் பின்னர், எவருக்கேனும் எவ்விடத்திலேனும் உயிராபத்து நேருமிடத்து, அவர் அச்சங்கொள்ளத் தேவையில்லை. அரசாங்கத்தின் நாற்பத்தெட்டுக் கோடி ரூபா நிதியொதுக்கீட்டில் அமைக்கப்பட்ட துரித உயிர்காப்பு ஒருங்கிணைந்த அழைப்பு முகாமைத்துவத் தொகுதி அவரைக் காத்துக்கொள்ளும்.”

ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று நாலு நாளாக இதைச் சொல்லிக்கொண்டு குருநகரிலிருந்து நெல்லியடி வரை ஓடியது. வியாழன் பத்துப் பன்னிரண்டுக்கு முன்னர் உயிராபத்து வருகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று அதில் சொல்லப்படவில்லை. சுபவேளை பாராமல் ஆபத்தில் மாட்டிக்கொள்கிறவர்களுக்கு அரசாங்கம் எப்படிப் பொறுப்பாகும்?

அந்த அறிவித்தலுக்கு எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தவள் துஷாந்தினி. பதினொரு வருடமாக அவசர அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் வேலை அவளுக்கு. பழைய இடத்தில் இரண்டு தொலைபேசி, அழைப்புகளை எழுத ஒரு சீ.ஆர். கொப்பி, சுவரில் கையால் கீறிய குடாநாட்டுப் படம் ஒன்று. அவ்வளவுதான் தொகுதி. யாராவது ‘கோயிலடி’ என்றால் எந்தக் கோயில் என்று கேட்பாள். ‘புளியடி’ என்றால் அந்தப் புளி இன்னும் நிற்கிறதா, தறித்தாயிற்றா என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் கேட்டு முடிப்பதற்குள் அம்புலன்ஸ் கேற்றைத் தாண்டியிருக்கும்.

புதிய மண்டபத்தில் குளிரூட்டி இருந்தது. ஒரு சுவர் முழுக்கத் திரை இருந்தது. அதை டீவி என்று சொல்லக் கூடாது, ‘நிலைமைக் காட்சிச் சுவர்’ என்றே சொல்ல வேண்டும் எனச் சுற்றறிக்கை வந்தது. அழைப்பை முதலில் எடுப்பது இனி மனிதர் அல்ல, கணினிக்குள் இருக்கும் ஒரு பெண்குரல். எங்கோ செய்து, எங்கோ விற்று, கொழும்பு வழியாக வந்து சேர்ந்த குரல். செய்தி வாசிப்பதுபோல் சுத்தமாகக் கதைக்கும். கலியாண வீட்டுக்குப் பட்டுச்சேலையோடு வந்து, ஒரு வேலைக்கும் கை வைக்காமல், எல்லாரையும் அதிகாரம் பண்ணுகிற சொந்தக்காரியை நினைத்து, அங்கு வேலை செய்த பெண்கள் அதற்கு ‘மச்சாள்’ என்று பெயர் வைத்தார்கள்.

மச்சாள் மூன்று கேள்வி கேட்பாள். மூன்றுக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று விடை வரவேண்டும். வந்த பிறகுதான் மனிதர் வாய் திறக்கலாம். அதுவரை துஷாந்தினி காதில் மாட்டிய கருவியில் கேட்டுக்கொண்டிருக்கலாம்; பேச முடியாது. குறுக்கிட ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால், பணிப்பாளர் தன் குரலில் அனுமதி தரும்படி கேட்கும். வேறெவர் குரலையும் ஏற்காது.

இதில் சிக்கல் ஒன்றே ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர் எவரும் அவசரத்தில் ‘ஆம்’ என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. கட்டுரையில் எழுதுவார்கள், மேடையில் முழங்குவார்கள். வாயில் வருவது ‘ஓம்’. பெண் பார்க்கப் போன இடத்திலும் ஓம், பல்லுப் பிடுங்கும் இடத்திலும் ஓம். மச்சாளுக்கோ ஓம் என்பது மந்திரம். மந்திரத்தை அவள் விடையாகக் கணக்கெடுப்பதில்லை.

துஷாந்தினி இதை மூன்று தரம் எழுதிக் கொடுத்தாள். மூன்று தரமும் ‘பொதுமக்களுக்கு விழிப்புணர்வூட்டப்படும்’ என்று பதில் வந்தது. ‘ஆம் என்போம், உயிர் காப்போம்’ என்று சுவரொட்டியும் அடித்தார்கள். நாலாந்தரம் அவள் பணிப்பாளர் கோபிசங்கரின் அறைக்கே போனாள். அவர் கெட்ட மனிதர் அல்ல. கெட்டிக்கார எஞ்சினியர். மூன்று மாதம் கொழும்பில் பயிற்சி எடுத்துவிட்டு, மச்சாளைத் தன் சொந்த மகள் போல் கூட்டிக்கொண்டு வந்தவர்.

“சேர், உயிர் போற நேரத்திலை சனம் ஓம் எண்டுதான் கத்தும்.”

“பழகுவினம், துஷாந்தினி. கொரோனாவுக்கு மாஸ்க் போடப் பழகேல்லையே?”

“மூக்குக்குக் கீழை போட்டவை, சேர்.”

கோபிசங்கர் சிரிக்கவில்லை. திறப்பு விழாவுக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

விழாவின் உச்சக்கட்டம் ஒரு ஒத்திகை அழைப்பு. சரியாகப் பத்து இருபத்தொன்றுக்கு சண்டிலிப்பாய்ச் சந்தியில் ஹெக்டர் மாஸ்டர் மூச்சு இழுத்துக்கொண்டு விழுவார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் நத்தார்ப் பண்டிகை நாடகங்களில் நடித்து, விழுந்து சாவதில் பெயரெடுத்தவர். அவருடைய மருமகள் ஷரோன் அழைப்பெடுப்பாள். ‘ஆம்’ என்று சொல்ல அவளுக்கு மூன்று நாள் பயிற்சி. முதல் நாள் பதினேழு தரம் ‘ஓம்’ என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள். மூன்றாம் நாள், நித்திரையிலும் ‘ஆம், ஆம்’ என்கிறாள் என்று அவள் புருசன் முறைப்பாடு செய்தான். சந்தியிலிருந்து நூறு யார் தூரம் தள்ளி, பிரகாஸ் ஓட்டும் நாலாம் இலக்க அம்புலன்ஸ் செவ்வந்தி மாலையோடு தயாராக நிற்கும். மச்சாள் கட்டளையிட்டவுடன் பாய்ந்து வரும். மற்ற மூன்று அம்புலன்ஸும் பிரதம விருந்தினர் பார்வையிடுவதற்காக மண்டப முற்றத்தில் வரிசையாக நின்றன. அவற்றுக்கு முன்னால் பிரமுகர்களின் பதினொரு வாகனங்கள் நின்றன.

வியாழன் வந்தது. பத்துப் பன்னிரண்டுக்கு நாடா வெட்டப்பட்டது. மங்கல விளக்கின் ஐந்து திரியும் குளிரூட்டிக் காற்றில் அணைந்து, மறுபடி ஏற்றப்பட்டு, மறுபடி அணைந்தன. முந்நூறு பேர் நிமிர்ந்திருந்து காட்சிச் சுவரைப் பார்த்தார்கள். மேடைக்குக் கீழே, கண்ணாடித் தடுப்புக்குள் துஷாந்தினி அமர்ந்திருந்தாள். அழைப்பின் ஒலி மண்டபத்து ஒலிபெருக்கிகளில் கேட்கும்படி இணைத்திருந்தார்கள்.

பத்துப் பதினாறுக்கு மணி அடித்தது.

கோபிசங்கர் மேடையில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்து நிமிடம் முந்திவிட்டாள் ஷரோன். பரவாயில்லை, பிந்துவதைவிட நல்லது என்பதுபோல் பிரதம விருந்தினரைப் பார்த்துச் சிரித்தார்.

“வணக்கம்,” என்றாள் மச்சாள். “தங்கள் அழைப்பு எமக்கு மிக முக்கியமானது. நோயாளி தங்கள் அருகில் உள்ளாரா? ஆம் அல்லது இல்லை எனக் கூறவும்.”

“ஐயோ ஓம்! ஓம்! மனிசன் விழுந்து கிடக்கு! மூச்சு இழுக்குது! கெதியா வாங்கோ!”

“மன்னிக்கவும். தங்கள் விடை விளங்கவில்லை. நோயாளி தங்கள் அருகில் உள்ளாரா?”

“ஓமெண்டு சொல்லுறன்! மடியிலைதான் கிடக்கிறார்! ஆர் நீங்கள், பெரியாக்கள் ஒருத்தரும் இல்லையோ?”

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா பக்கத்து அம்மாவின் தொடையைத் தட்டினார். “என்ன மாதிரி நடிக்கிறாள் பாருங்கோ. எனக்குக் கண்ணாலை தண்ணி வருகுது.”

ஒலிபெருக்கியில் எல்லாக் குரலும் ஒரே தகரக் குரல்தான். மேடையில் நின்ற கோபிசங்கருக்கு முகம் இருண்டது. இறங்கி வந்து கண்ணாடித் தடுப்புக்கு மேலாகக் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

“மூண்டு நாள் படிப்பிச்சது, மறந்திட்டாள். ஆம் எண்டு சொல்லச் சொல்லி அவளுக்கு மெசேஜ் அடியும்.”

துஷாந்தினியின் கை காதுக்கருவியை இறுக்கிப் பிடித்திருந்தது. முதல் ‘ஓம்’ காதில் விழுந்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

“சேர், இது ஷரோன் இல்லை.”

“பின்னை ஆர்?”

“தெரியாது. ஷரோன் எண்டால் ஆம் எண்டு சொல்லியிருப்பா. ஓம் எண்டு சொல்லுறது உண்மையான ஆள்.”

கோபிசங்கர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். அதற்குள் பிரதம விருந்தினர் ஏதோ கேட்க, அவர் மேடைக்குத் திரும்பி ஓடவேண்டியிருந்தது. ஓடும்போதே சொன்னார்: “குழப்பாமல் இரும்.”

மூன்றாம் தரமும் மச்சாள் கேட்டாள். மூன்றாம் தரமும் அந்தப் பெண் ஓம் என்றாள். இந்த முறை கத்தவில்லை, அழுதாள்.

“தேவையான விடை கிடைக்காமையினால் இவ்வழைப்பு முடிவுறுத்தப்படுகிறது,” என்றாள் மச்சாள். “நன்றி. இனிய நாளாகட்டும்.”

அறிவிப்பாளர் முப்பது வருட அனுபவசாலி. கோயில் திருவிழாவில் மின்சாரம் போனாலும் பேச்சு நிற்காத மனிதர். “சபையோரே! வீண் அழைப்புகளை எமது தொகுதி எவ்வாறு இனங்கண்டு நிராகரிக்கிறது என்பதை இப்போது கண்ணாரக் கண்டீர்கள்!” என்றார். கைதட்டல் கூரையை இடித்தது.

அந்தக் கைதட்டலுக்குள் துஷாந்தினி குனிந்து, கைப்பைக்குள் இருந்த தன் சொந்தத் தொலைபேசியை எடுத்து, மேசைத் திரையில் இன்னும் அழியாமல் நின்ற இலக்கத்துக்கு அடித்தாள். ஒரு மணி. இரண்டு மணி. மூன்றாவது மணியில் எடுபட்டது.

“அக்கா, நான் அம்புலன்ஸிலை இருந்து கதைக்கிறன். மனிசிதான் கதைக்கிறன், மிசின் இல்லை. என்ன நடந்தது?”

“குளவி குத்திப்போட்டுது, பிள்ளை! வடலிப் பனையிலை ஓலை வெட்டப் போனவர், கூட்டிலை கத்தி பட்டிட்டுது. முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போச்சு. கதைக்கேலாமல் தொண்டையைக் காட்டுறார்.”

“குளவி இன்னும் சுத்துதே?”

“இல்லை, கிணத்தடிக்கு இழுத்துக்கொண்டு வந்திட்டன்.”

“நல்லது. படுக்க வைக்காதையுங்கோ, நிமித்தி இருத்துங்கோ. மூச்சு இழுக்குதெல்லே. சேட்டுப் பொத்தானைக் கழட்டிவிடுங்கோ. உங்கடை பேர் என்ன? எங்கை நிக்கிறியள்?”

“செல்வநாயகி. இவர் அருளம்பலம். உங்கை தான் பிள்ளை, தோட்டத்துக்கை.”

“எந்த ஊர்த் தோட்டம், அக்கா?”

“சண்டிலிப்பாய்.”

துஷாந்தினி கண்ணை மூடித் திறந்தாள். பிரகாஸ் நிற்பது அங்கேதான்.

“சண்டிலிப்பாயிலை எவடம்?”

“மதவுப் பாலத்தாலை இறங்கி வர, வைரவர் கோயிலடி ஒழுங்கை.”

“எந்த வைரவர்? சூலம் மட்டும் நிக்கிற வைரவரோ, தகரக் கொட்டில் போட்ட வைரவரோ?”

“தகரம். தகர வைரவர். புகையிலைத் தோட்டம், ஒழுங்கை முடியிற இடத்திலை. பிள்ளை, இவரின்ரை சொண்டு உதடெல்லாம் நீலமாய் வருகுது…”

“போனை வைக்காதையுங்கோ அக்கா. பக்கத்திலை வைச்சுக்கொண்டு இருங்கோ. வாகனம் வருகுது.”

வாகனம் வரவில்லை. இனித்தான் வரவேண்டும். குளவி விஷம் ஒத்துக்கொள்ளாத உடம்பில் தொண்டை அடைபட எத்தனை நிமிடம் செல்லும் என்பது பதினொரு வருடத்தில் அவள் பலமுறை பார்த்தது. பத்து, சிலவேளை பதினைந்து. மூன்று ஏற்கெனவே மச்சாளோடு போய்விட்டது.

இரண்டாவது தொலைபேசி, பக்கத்து மேசைப் பெண்ணுடையது. கேட்காமலே எடுத்தாள்.

“பிரகாஸ் அண்ணை, தகர வைரவர் தெரியுமெல்லே? ஒழுங்கை முடிவிலை தோட்டம். குளவி. மூச்சு அடைக்குது. லக்ஷனை ஊசி எடுத்து வைக்கச் சொல்லுங்கோ. இப்ப வெளிக்கிடுங்கோ.”

“பிள்ளை, என்னை இந்த இடத்தாலை அசையாதை எண்டு கையெழுத்து வாங்கியிருக்கு. மச்சாள் சொன்னால்தான் வெளிக்கிடலாம். மேலை இருந்து வரவேணும்.”

“மேலை இருந்துதான் வரப்போகுது அண்ணை, எருமைக்கடாவிலை.”

மறுபக்கம் ‘படார்’ என்று வாகனக் கதவு சாத்தப்பட்டது.

“ஆர் சொன்னதெண்டு எழுத?”

“துஷாந்தினி சொன்னதெண்டு எழுதுங்கோ.”

எஞ்சின் முழங்கும் சத்தம் கேட்டது. பின்னால் இருந்து முதலுதவியாளன் லக்ஷனின் குரலும்: “அண்ணை, மாலையைப் பிய்ச்சு எறியுங்கோ, றோட்டுத் தெரியேல்லை!”

காட்சிச் சுவரில் நாலாம் இலக்க நீலப் புள்ளி நகரத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து, அரசாங்கம் குறித்துக் கொடுத்த பத்து இருபத்தொன்றுக்கு, இன்னொரு மணி அடித்தது. உண்மையான பொய் அழைப்பு.

“நோயாளி தங்கள் அருகில் உள்ளாரா?”

“ஆம்,” என்றாள் ஷரோன், பவுடர் விளம்பரம் போன்ற குரலில்.

“நோயாளி சுவாசிக்கிறாரா?”

“ஆம்.”

“தர மேம்பாட்டுக்காக இவ்வழைப்பைப் பதிவு செய்யத் தாங்கள் சம்மதிக்கிறீர்களா?”

“ஆம்.”

சுவர் முழுக்கச் சிவந்தது. பொங்கல் வெடிபோல் ஒரு ஓசை. கிட்ட இருக்கும் அம்புலன்ஸ் இலக்கம் நாலு. அது ஹெக்டர் மாஸ்டரிடம் போகவேண்டும் என்று மச்சாள் கட்டளையிட்டாள். சபை கைதட்டியது. நீலப் புள்ளி ஹெக்டர் மாஸ்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. புள்ளிக்கு மேல் ‘திரும்பவும்’ என்ற சொல் எழுந்து மின்னியது.

“திரும்பவும் என்னவாம்?” என்று பிரதம விருந்தினர் கேட்டார்.

கோபிசங்கர் படியிறங்கி ஓடிவந்தார். கழுத்துப்பட்டி காதுக்குப் பின்னால் பறந்தது.

“என்ன செய்யிறீர்? அம்புலன்ஸ் பிழையான பக்கம் போகுது!”

“இல்லை சேர். சரியான பக்கம் போகுது.”

“துஷாந்தினி, மூண்டு வருசம் பாடுபட்டனான். இந்தப் பத்து நிமிசத்துக்காக.”

அவள் தன் தொலைபேசியை அவர் காதில் வைத்தாள்.

செல்வநாயகி அழவில்லை இப்போது. “இஞ்சாருங்கோ, இஞ்சை பாருங்கோ, இஞ்சை என்னைப் பாருங்கோ” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குப் பின்னால் ஒரு ஓசை. ஓட்டை விழுந்த சைக்கிள் பம்பால் காற்றடிப்பதுபோல். இழுப்பு, நீண்ட இடைவெளி, மறுபடி இழுப்பு. இடைவெளி ஒவ்வொரு முறையும் நீண்டுகொண்டு போனது. கோபிசங்கர் தன்னையறியாமல் தானும் மூச்சை அடக்கிக்கொண்டு, அடுத்த இழுப்புக்காகக் காத்து நின்றார்.

வந்தது. அவர் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

“அப்ப ஹெக்டர் மாஸ்டரை என்ன செய்யிறது?”

“அவர் நடிக்கத்தானே வந்தவர் சேர். இன்னும் கொஞ்சம் நடிக்கட்டும்.”

அந்த நேரம் பக்கத்தில் இருந்த பணிப்பாளரின் மேசைத்திரை கீச்சிட்டது. டீசல் களவைத் தடுப்பதற்காக ஒரு விசேட வசதியைக் கோபிசங்கர் தானே கேட்டு வாங்கியிருந்தார். கட்டளையை மீறும் வாகனத்தின் எஞ்சினை மச்சாள் இங்கிருந்தபடியே நிறுத்திவிடுவாள்.

“இலக்கம் நாலு கட்டளையை மீறுகிறது,” என்றாள் மச்சாள் ஒலிபெருக்கியில். “பயணத்தைத் தொடர அனுமதிக்கிறீர்களா? பணிப்பாளர் ஆம் அல்லது இல்லை எனக் கூறவும். அறுபது வினாடிகளுள் விடை கிடைக்காவிடின் எஞ்சின் நிறுத்தப்படும்.”

ஐம்பத்தொன்பது. ஐம்பத்தெட்டு. எண்கள் காட்சிச் சுவரில் ஆளுயரத்துக்கு ஓடின. அறிவிப்பாளர் மகிழ்ச்சியோடு சபையையும் சேர்த்து எண்ண வைத்தார்.

பிரகாஸின் குரல் மற்றத் தொலைபேசியில் கத்தியது: “பிள்ளை, உவள் நிப்பாட்டப் போறாளாம்! நான் மதவுக்கு வந்திட்டன்!”

கோபிசங்கர் மேசை ஒலிவாங்கியைப் பிடித்தார். மேடையில் பிரதம விருந்தினர், சுவரில் எதிர்ப்பக்கம் ஓடும் புள்ளி, எதிர்காலம், பதவியுயர்வு எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, முழுப் பலத்தோடு சொன்னார்:

“ஓம்!”

“மன்னிக்கவும்,” என்றாள் மச்சாள். “தங்கள் விடை விளங்கவில்லை.”

நாற்பத்தொன்று.

“ஓமெண்டுறன்! போகட்டும்! ஓம், ஓம்!”

“மன்னிக்கவும். தங்கள் விடை விளங்கவில்லை.”

சபையில் யாரோ சிரித்தார்கள். கோபிசங்கரின் நெற்றி குளிரூட்டியிலும் வியர்த்தது. என்ன பிழை என்றே தெரியாமல், தன் மகளிடம் கெஞ்சுவதுபோல் கெஞ்சினார். “விடு பிள்ளை, ஓம், விடு…”

இருபத்திரண்டு.

“சேர்!” துஷாந்தினி அவர் கையைப் பிடித்து உலுக்கினாள். “ஆம்! ஆம் எண்டு சொல்லுங்கோ!”

கோபிசங்கர் அவளைப் பார்த்து விழித்தார். மூன்று மாதப் பயிற்சி, சுற்றறிக்கை, சுவரொட்டி ஆகிய அனைத்துக்கும் உரிய அந்த மனிதருக்கு அந்தச் சொல்லைத் தேடி எடுக்க ஒன்பது வினாடி சென்றது.

“ஆ… ஆம்.”

“நன்றி,” என்றாள் மச்சாள்.

எண்கள் பதின்மூன்றில் நின்றன. புள்ளி ஓடியது. மதவைத் தாண்டியது. தகர வைரவரின் ஒழுங்கை வாசலில் போய் நின்றது. நின்றுவிட்டது.

“அண்ணை, என்ன?”

“உள்ளுக்குப் போகாது பிள்ளை! ரெண்டு பக்கமும் மதில். ஆர் இதுக்கு அளவெடுத்தவன், கொழும்பு றோட்டுக்கு அளவெடுத்திருக்கிறான். லக்ஷன் இறங்கி ஓடுறான். முந்நூறு யார் தூரம் இருக்கும்.”

முந்நூறு யார். துஷாந்தினி மற்றக் காதுக்கு மாறினாள். அங்கே செல்வநாயகி கதைப்பதை நிறுத்தியிருந்தாள். நீர் இறைக்கும் மிசினின் ‘டக டக’ மட்டும் கேட்டது. அந்த இழுப்பு கேட்கவில்லை. அவள் காத்திருந்தாள். மிசின் ஓடியது. இழுப்பு வரவில்லை.

“அக்கா! செல்வநாயகி அக்கா! கேக்குதே? தாடையை நிமித்துங்கோ. தலையைப் பின்னுக்குச் சாயுங்கோ. அக்கா!”

கோபிசங்கர் அவள் கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றார். மேடையிலிருந்து அவர் பெயரை இரண்டு தரம் அழைத்துவிட்டார்கள்.

கால் ஓடிவரும் சத்தம். பை நிலத்தில் விழும் சத்தம். “தள்ளுங்கோ அம்மா. காலைப் பிடியுங்கோ, ஆட விடாதையுங்கோ.” லக்ஷனின் மூச்சே ஒரு நோயாளியின் மூச்சுப்போல் இரைத்தது. பிறகு நிசப்தம். ஊசி தொடையில் இறங்கி, மருந்து இரத்தத்தில் கலந்து, நெஞ்சுக்குப் போய்ச் சேரும் வரைக்கும் ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாத நிசப்தம். மிசின் இறைத்துக்கொண்டே இருந்தது. துஷாந்தினி மேசையில் கிடந்த அழைப்பிதழின் மூலையை நகத்தால் கிழித்தாள். இன்னொரு மூலையையும் கிழித்தாள். பிரதம விருந்தினரின் படம் இருந்த மூலைக்கு வந்தபோது, தொலைபேசிக்குள் யாரோ செருமினார்கள். சேற்றிலிருந்து காலை இழுப்பதுபோல் ஒரு நீண்ட மூச்சு. பிறகு இருமல். பிறகு, வீங்கிய நாக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆண்குரல்:

“மிசினை… நிப்பாட்டினியே?”

“ஐயோ, இந்த மனிசன்!” என்று செல்வநாயகி குளறினாள். “செத்துப் பிழைச்சு வந்து கேக்கிற கேள்வியைப் பாருங்கோ தம்பி!”

துஷாந்தினி மேசையில் தலையைக் கவிழ்த்தாள். கோபிசங்கர் கதிரையின் முதுகை விட்டார். கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். மேடையேறி, ஒலிவாங்கியை வாங்கி, கம்பீரமாகச் சொன்னார்: “எமது தொகுதி சூழ்நிலைக்கு ஏற்பத் தானாகவே பாதையைத் தெரிவு செய்யும் ஆற்றல் வாய்ந்தது.” பொய்தான். ஆனால் அந்தப் பொய்யால் நாலாம் இலக்கத்தை அதற்குப் பிறகு ஒருவரும் மறிக்கவில்லை. புள்ளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது முந்நூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நீலச் சொண்டும் நின்றுபோன மூச்சும் ஒருவருக்கும் தெரியாது. சண்டிலிப்பாய்ச் சந்தியில் ஹெக்டர் மாஸ்டர் முப்பத்தைந்து நிமிடம் வெயிலில் செத்துக் கிடந்தார். பிறகு தானாக எழும்பித் தேத்தண்ணிக் கடைக்குப் போனார்.

பின்னேரம் பிரதம விருந்தினர் பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்குப் போய், ஒத்திகை நோயாளி என்று நினைத்து அருளம்பலத்தோடு படம் எடுத்துக்கொண்டார். வீங்கிய முகத்தை விரலால் தொட்டுப் பார்த்து, “மேக்கப் பிரமாதம்” என்றார். அருளம்பலத்தால் வாயைத் திறக்க முடியவில்லை. அதனால் அரசாங்கத்தின் மானம் தப்பியது.

அடுத்த கிழமை துஷாந்தினிக்குக் கடிதம் வந்தது. விடயம்: ‘தொகுதிக்குப் புறம்பான முறையில் உயிர் காத்தமை தொடர்பாக விளக்கம் கோரல்.’ கீழே கோபிசங்கரின் கையெழுத்து இருந்தது. அவரே கையில் கொண்டுவந்து கொடுத்தார்.

“மேலை இருந்து கேட்டவை. ரெண்டு வரி எழுதித் தாரும், நான் ஃபைலுக்குள்ளை வைச்சுப் பூட்டிறன்.”

“என்னெண்டு எழுத, சேர்?”

அவர் யோசித்தார். “மன்னிக்கவும், விடை விளங்கவில்லை எண்டு எழுதும்.”

முதன்முறையாக இருவரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அவள் அப்படியே எழுதிக் கொடுத்தாள்.

மூன்று மாதம் கழித்து முன்னேற்ற அறிக்கை வெளிவந்தது. வழுவழுத்த தாள், அட்டையில் அருளம்பலமும் பிரதம விருந்தினரும். ஏழாம் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் விசேட சாதனை ஒன்று குறிப்பிடப்பட்டிருந்தது: திறப்பு விழாவின் பின்னர் சண்டிலிப்பாய்ப் பிரதேசத்திலிருந்து ஒரு அவசர அழைப்பேனும் பதிவாகவில்லை; அரசாங்கத்தின் முதலீட்டினால் அப்பிரதேச மக்களின் சுகநலம் குறிப்பிடத்தக்களவு மேம்பட்டுள்ளதாக நிபுணர்கள் கருதுகின்றனர்; இரண்டாம் கட்டத்துக்கு மேலும் முப்பது கோடி சிபாரிசு செய்யப்படுகிறது.

சண்டிலிப்பாய்ச் சனம் இப்போது பிரகாஸின் கைத்தொலைபேசிக்கு அடிக்கிறது.